இடுப்பா, இடையா, வயிறா? அளவுப் பதிவேட்டுக்குச் சொல் தேடி

வணக்கம்.

விட்ட உடற்பயிற்சியை மறுபடி தொடங்குவோருக்கான அளவுப் பதிவேட்டைத் தமிழில் எழுதும்போது ஒரு முட்டு. வெயிஸ்ட்டும் இடுப்பு, ஹிப்பும் இடுப்பு. அகராதியை நம்பினால் வெயிஸ்ட்–ஹிப் ரேஷியோ ‘இடுப்பு–இடுப்பு விகிதம்’ ஆகிவிடும். யார் உடம்பிலும் அது 1தான்!

என் பரிந்துரை: வெயிஸ்ட்டுக்கு இடைச்சுற்று, ஹிப்புக்கு இடுப்புச்சுற்று. உலக சுகாதார நிறுவனம் வெயிஸ்ட்டை அளக்கச் சொல்வது கடைசி விலா எலும்பின் கீழ்விளிம்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நட்டநடுவில். இடை என்றாலே நடுதானே. டேப்பை எங்கே வைப்பது என்று சொல்லே காட்டிக் கொடுக்கிறது.

*

> வெயிஸ்ட்டுக்கு இடைச்சுற்று

எழுத்தில் அழகு, வாயில் ஆபத்து. இலை எலையாவதுபோல, இடம் எடமாவதுபோல, இடை பேச்சில் எடையாகிவிடும். பதிவேட்டில் முதல் கட்டம் எடை, அடுத்த கட்டம் இடை. ஒருவர் அளந்து சொல்ல இன்னொருவர் எழுதுகிறார்: “எடை எம்பத்தெட்டு.” கிலோவா, சென்டிமீட்டரா? 88 இரண்டுக்குமே பொருந்தும் எண். தவறு நடந்தது பிறகும் தெரியாது.

‘அரை’ பழைய சொல், அரைஞாணில் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆனால் ‘அரைச்சுற்று’ என்று எழுதினால் மைதானத்தில் பாதி ஓடச் சொன்னதாக நினைப்பார்கள். போகட்டும்.

*

தையற்கடையில் இந்தக் குழப்பமே கிடையாது. இடுப்பு என்றால் வெயிஸ்ட், சீட் என்றால் ஹிப். வழக்கை மதித்து இடுப்புச்சுற்று, பிட்டச்சுற்று என்று வைத்துவிடலாம். பிட்டம் என்று எழுதச் சிலர் கூசுவார்கள், ஆனால் அளக்க வேண்டிய இடம் அதுவே: பின்புறம் மிக அகலமாக இருக்கும் மட்டம்.

*

> இடுப்பு என்றால் வெயிஸ்ட்

பிட்டச்சுற்றுக்கு என் ஓட்டு. இடுப்புச்சுற்றுக்கு இல்லை. தையற்கடை இடுப்பு என்பது பேன்ட் நிற்கும் இடம். தொப்பை உள்ளவருக்கு அது தொப்பைக்குக் கீழே இறங்கியிருக்கும். 34 அங்குல பேன்ட் போடுகிறவர் 86 செ.மீ. என்று எழுதி, தெற்காசிய ஆண்களுக்கான ஆபத்து வரம்பான 90-க்குள் இருப்பதாக நிம்மதி அடைவார். விலாவுக்குக் கீழே டேப் வைத்தால் அவருக்கே 98 வரலாம். பெண்களுக்கு வரம்பு 80, அவர்களும் பாவாடை நாடா கட்டும் இடத்தில் அளந்தால் இதே கதைதான்.

விகிதத்தையும் இது கெடுக்கும். வெயிஸ்ட் 92, பிட்டம் 100 என்றால் 0.92. ஆண்களுக்கான 0.90 வரம்பைத் தாண்டியாயிற்று. டேப் கீழே இறங்கி 88 என்று காட்டினால் 0.88, தப்பித்தார்.

ஆகவே வயிற்றுச்சுற்று. பதிவேட்டில் ‘இடுப்பு’ என்ற கட்டமே வேண்டாம். விகிதத்துக்கு வயிறு–பிட்ட விகிதம்.

*

வயிற்றுச்சுற்று என்றால் தொப்பை மிகவும் துருத்தும் இடத்தில் டேப்பைச் சுற்றுவார்கள், இல்லாவிட்டால் தொப்புளில். சரிந்த தொப்பையில் தொப்புளும் சேர்ந்து இறங்கும், அதனால் அது நிலையான அடையாளம் ஆகாது. ஆனாலும் இந்தச் சொல்லை ஏற்கிறேன், கட்டத்துக்குக் கீழே இந்தக் குறிப்பைச் சேர்த்தால்:

“சட்டையை விலக்கி, கால்களைச் சேர்த்து நில்லுங்கள். பக்கவாட்டில் கடைசி விலாவையும் இடுப்பெலும்பின் மேல்விளிம்பையும் விரலால் தேடி, நடுவில் இருபுறமும் பேனாவால் புள்ளி வையுங்கள். டேப் முதுகுப் பக்கம் சரியாமல் இருக்கிறதா என்று கண்ணாடியில் பாருங்கள். இயல்பாக மூச்சை விட்டு முடித்ததும் படியுங்கள். வயிற்றை எக்காதீர்கள். டேப் தோலை அமுக்கக் கூடாது. இருமுறை அளந்து சராசரி எழுதுங்கள். வித்தியாசம் 1 செ.மீ.க்கு மேல் போனால் மறுபடி அளக்கவும்.”

பழைய தையல் டேப் இழுபட்டு நீண்டிருக்கும். இரும்பு ஸ்கேலோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. நீண்ட டேப் அளவைக் குறைத்தே காட்டும் என்பதால் யாரும் சந்தேகப்படுவதில்லை.

*

குறிப்பு நன்று, அப்படியே போடலாம். ‘வாரம் ஒரு நாள், காலைக்கடன் முடித்து, சாப்பிடுமுன்’ என்பதையும் சேருங்கள்.

எடைக் கட்டத்துக்கு அருகிலும் ஒரு வரி தேவை. மறுபடி பயிற்சி தொடங்கிய முதல் சில வாரங்களில் எடை ஏறலாம். தசை கிளைகோஜனை (சர்க்கரையின் சேமிப்பு வடிவம்) சேமிக்கிறது, ஒவ்வொரு கிராமோடும் ஏறத்தாழ 3 கிராம் நீர் ஒட்டிக்கொள்கிறது. வலியெடுத்த தசையிலும் நீர் கோக்கும். இது கொழுப்பு இல்லை என்று சொல்லாவிட்டால் பலர் இரண்டாம் வாரத்திலேயே பதிவேட்டை மூடிவிடுவார்கள்.

ஃபேட் பர்சன்டேஜ் கட்டத்தைக் ‘கொழுப்பு மதிப்பீடு’ என்றே எழுதுங்கள், ‘அளவு’ வேண்டாம். வீட்டு எடைக்கருவி உடலில் சிறு மின்னோட்டம் செலுத்தி, அதற்குக் கிடைக்கும் தடையிலிருந்து கணக்குப் போடுகிறது. உடம்பில் நீர் கூடினாலும் குறைந்தாலும் எண் மாறும்.

*

ஏற்றேன். வயிற்றுச்சுற்று, பிட்டச்சுற்று, கொழுப்பு மதிப்பீடு. கைச்சுற்றைப் ‘பயிற்சிக்கு முன்’ என்று குறிக்கிறேன், பயிற்சி முடிந்த கையோடு அளந்தால் ரத்தம் பாய்ந்து தசை புடைத்திருக்கும். தொடைச்சுற்றில் சொல் தகராறு இல்லை, இடத் தகராறுதான். முழங்கால் சில்லின் மேல்விளிம்பிலிருந்து 15 செ.மீ. மேலே என்று போட்டுவிடவா?