சுவருக்குள்ளிருந்து அடிக்கும் ஸ்பெக்டர்: உடலற்ற பேய்களை விதிப்படி நடத்துவது எப்படி?

நிலவறைக்காரன் (கேள்வி):

டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், பகடை உருட்டி விளையாடும் கதாபாத்திர விளையாட்டு) 5ஆம் பதிப்பு, 2014 புத்தகங்கள். மூன்றாம் லெவலில் நாலு பேர்: ஃபைட்டர் (போர்வீரர்), ரோக் (மறைந்து தாக்குபவர்), கிளெரிக் (பூசாரி), விஸார்ட் (மந்திரவாதி). யாரிடமும் மந்திர ஆயுதம் கிடையாது. இடிந்த கோட்டை நிலவறையில் மூன்று ஸ்பெக்டர்களை இறக்கலாம் என்று திட்டம். எக்ஸ்பி (எதிரியின் வலிமையைக் காட்டும் புள்ளி) கணக்குப்படி 600, மூன்று எதிரிகள் என்பதால் இரண்டால் பெருக்கினால் 1200. இந்தப் பார்ட்டிக்கு (குழுவுக்கு) 'ஹார்டு' (கடினம்) எல்லை 900, 'டெட்லி' (உயிராபத்து) 1600. தாளில் பார்த்தால் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் சில இடங்களில் விதி பிடிபடவில்லை.

சுவருக்குள்ளிருந்து வந்து தொட்டுவிட்டு மறுபடி உள்ளே போய்விட்டால் பார்ட்டி என்ன செய்யும்? அது திரும்பிப் போகும்போது ஆப்பர்ச்சூனிட்டி அட்டாக் (எட்டும் தூரத்தைவிட்டு விலகும் எதிரிமேல் கிடைக்கும் இலவச அடி) உண்டா? சாதாரண வாள் வீச்சு 50% தவறும் என்று எங்கோ படித்தேன், ஸ்டாட் பிளாக்கில் (பேயின் விதி அட்டவணையில்) அப்படி எதுவும் காணோம். வலை போட்டுப் பிடிக்க முடியுமா? வெள்ளி பூசிய ஆயுதம் உதவுமா?

கட்டக்கணக்கு:

சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடலாம். வலை வேலை செய்யாது. ஸ்பெக்டருக்கு கிராப்பிள்டு (பிடிபடுவது), ரெஸ்ட்ரெய்ண்டு (கட்டுண்டு நிற்பது), ப்ரோன் (விழுந்து கிடப்பது) எல்லாவற்றுக்கும் இம்யூனிட்டி (பாதிப்பே இல்லாமை) இருக்கிறது. சிலந்தி வலை விரிக்கும் வெப் மந்திரமும் அதே காரணத்தால் வீண். வெள்ளியும் ஸ்பெக்டரிடம் செல்லாது. இந்த மாதிரிப் பேய்களில் ரெய்த் என்ற பேயின் ஸ்டாட் பிளாக்கில் மட்டும்தான் 'வெள்ளி பூசாத' என்ற சொல் வருகிறது. ஸ்பெக்டருக்கும் கோஸ்ட் என்ற இன்னொரு பேய்க்கும் மந்திரம் இல்லாத ஆயுதம் எதுவானாலும் பாதி டேமேஜ்தான். ஒரு ஆயுதத்துக்கு வெள்ளி பூச 100 தங்கம். விளையாடுபவர்கள் அந்தச் செலவைச் செய்வதற்கு முன்னால் இது அவர்களுக்குத் தெரிய ஏதாவது வழி வையுங்கள்.

50% என்பது 3.5 பதிப்பின் விதி. 5இல் அது ரெசிஸ்டன்ஸ்: டேமேஜை இரண்டால் வகுத்துக் கீழ்நோக்கி முழு எண்ணாக்க வேண்டும். நீள்வாள் 1டி8+3 (எட்டுமுகப் பகடை ஒன்று, கூட்டல் 3) என்றால் சராசரி 7.5, பேய்மேல் இறங்குவது மூன்றோ நாலோ. ஸ்பெக்டரின் 22 ஹிட் பாயிண்ட் (உயிர்ப்புள்ளி), ஃபைட்டருக்கு 44 மாதிரி. ரோக்கின் ஸ்னீக் அட்டாக்கும் (சாதகமான நேரத்தில் தாக்கும்போது சேரும் கூடுதல் டேமேஜ்) ஆயுதத்தின் டேமேஜ் வகையையே எடுத்துக்கொள்வதால் அதுவும் பாதியாகும். ஆனால் வேலை செய்யும், அது முக்கியம். 'பேய்க்கு முதுகு ஏது, ஸ்னீக் அட்டாக் கிடையாது' என்று 5இல் மறுக்காதீர்கள்.

இப்போது சுவர். இன்கார்ப்போரியல் மூவ்மென்ட் (உடலற்ற நகர்வு விதி) சொல்வது இரண்டே விஷயம்: பொருள்கள், உயிர்கள் வழியாக டிஃபிகல்ட் டெரெய்ன்போல (ஒவ்வோர் அடிக்கும் இரண்டடிச் செலவில்) நகரலாம், தன் டர்ன் (முறை) முடியும்போது பொருளுக்குள் இருந்தால் 1டி10 ஃபோர்ஸ் டேமேஜ். அதாவது சுவருக்குள்ளேயே குடியிருக்கும் ஸ்பெக்டர் சராசரியாக நாலு ரவுண்டில் தானாகவே அழிந்துவிடும். புத்தியுள்ள பேய் சுவருக்குள் நிற்காது, சுவருக்கு அந்தப் பக்கத்து அறையில் நிற்கும்.

வேகம் 50 அடி. சுவர் 5 அடி தடிமன் என்றால் அதைக் கடக்க 10 அடி செலவு. அந்தப் பக்கத்தில் சுவரை ஒட்டி நிற்கும் ஸ்பெக்டர் சுவரைக் கடந்து, இந்த அறைக்குள் மூன்று கட்டம் (கட்டத்துக்கு 5 அடி) வந்து, நாலாவது கட்டத்தில் நிற்பவரைத் தொட்டுவிட்டு, அதே டர்னில் தன் இடத்துக்கே திரும்பிவிடும்: போக 25, வர 25. சுவருக்கும் ஆளுக்கும் நடுவே நாலு கட்டம் காலியாக இருந்தால் இந்தக் கணக்கு உடைந்துவிடும். எனவே பார்ட்டி செய்ய வேண்டிய முதல் காரியம் சுவரைவிட்டு அறையின் நடுவுக்கு வருவது. பொதுவாக நம் ஆட்கள் பயந்தால் சுவரில் முதுகைச் சாய்த்து நிற்பார்கள். இங்கே அதுதான் மிக மோசமான இடம்.

ஆப்பர்ச்சூனிட்டி அட்டாக் உண்டு. ஸ்பெக்டருக்கு ஃப்ளைபை (அந்த அடியை வாங்காமல் பறந்து விலகும் திறன்) கிடையாது. வெட்டவெளியில் உங்கள் ரீச்சை, அதாவது ஆயுதம் எட்டும் தூரத்தை, தாண்டி அது போகும்போது பக்கத்தில் இருக்கும் ஒவ்வொருவரும் ஓர் அடி அடிக்கலாம். சிக்கல் ஒரே இடத்தில்தான்: நீங்கள் சுவரை ஒட்டி நின்றால், அது நுழையும் சுவர்க் கட்டமும் உங்கள் 5 அடிக்குள்ளேயே இருக்கும். அங்கே அது ரீச்சைவிட்டுப் போகவில்லை. அதைத் தாண்டிப் போகும்போதோ உங்கள் கண்ணில் படாது. எழுத்துப்படி பார்த்தால் அடி இல்லை. என் தீர்ப்பு: முழு மறைவுக்குள் நுழைவதை ரீச்சைவிட்டு வெளியேறுவதாகவே எண்ணி அடியைக் கொடுத்துவிடுங்கள். அதை விளையாட்டு தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

இன்னொரு ஆயுதம், குறித்த தருணத்துக்காக அடியைத் தயாராக வைத்திருக்கும் ரெடி ஆக்‌ஷன். 'பேய் சுவரிலிருந்து வெளிவந்ததும் வெட்டுகிறேன்' என்று ட்ரிகர் (தூண்டும் நிகழ்வு) வைக்க வேண்டும். 'என்னைத் தாக்கினால் வெட்டுகிறேன்' என்று வைத்தால், ட்ரிகர் முடிந்த பிறகுதான் ரியாக்‌ஷன் என்பதால் தொடுதலை வாங்கிய பிறகே வெட்டு. ரெடி செய்து அடித்தவருக்கு அந்தச் சுற்றில் ஆப்பர்ச்சூனிட்டி அட்டாக் மிச்சமில்லை, இரண்டுக்கும் இருப்பது சுற்றுக்கு ஒருமுறை கிடைக்கும் ஒரே ரியாக்‌ஷன். ஐந்தாம் லெவலிலிருந்து ஃபைட்டருக்குக் கிடைக்கும் எக்ஸ்ட்ரா அட்டாக்கும் (கூடுதல் அடி) இதில் சேராது, அது சொந்த டர்னில் மட்டும். ஸ்னீக் அட்டாக் டர்னுக்கு ஒருமுறை, பேயின் டர்னில் அடித்தாலும் கிடைக்கும் என்பதால் ரோக்குக்கு இங்கே நல்ல காலம்.

பழையபதிப்பு:

மேலே சொன்ன 50% விஷயத்தில் கொஞ்சம் விரிவு தேவை, ஏனென்றால் இணையத்தில் கிடைக்கும் பாதி ஆலோசனை எந்தப் பதிப்புக்கு என்றே சொல்லாமல் உலவுகிறது.

3.5இல் உடலற்றதை மந்திரம் இல்லாத ஆயுதம் தொடவே முடியாது. மந்திர ஆயுதமோ மந்திரமோ பட்டால்கூட 50% வாய்ப்பில் டேமேஜே இறங்காது. விலக்கு: பாசிட்டிவ், நெகட்டிவ் எனர்ஜி, மேஜிக் மிஸைல் மாதிரி ஃபோர்ஸ், கோஸ்ட் டச் (பேயைத் தொடக்கூடிய) ஆயுதம். பேய் உங்களைத் தொடும்போது கவசம், கேடயம், நேச்சுரல் ஆர்மர் மூன்றும் கணக்கில் வராது. டிஃப்ளெக்‌ஷன் போனஸும் மேஜ் ஆர்மர் போன்ற ஃபோர்ஸும் (மந்திர விசையும்) நிற்கும். 5இல் இந்தக் கவச விதி கிடையாது. அங்கே பேயும் முழு ஏசியை (கவச எண்ணை) தாண்டித்தான் ஆக வேண்டும்.

பாத்ஃபைண்டர் என்ற இன்னொரு விளையாட்டின் முதல் பதிப்பு அந்த நாணயச் சுண்டலை எடுத்துவிட்டு மந்திர ஆயுதத்துக்குப் பாதி டேமேஜ் என்று வைத்தது. நல்ல முடிவு. நாலு பேர் ஆளுக்கொரு முறை பாய்ந்து அடித்து, பாதி முறை ஒன்றுமே நடக்காமல் போவது அலுப்பு.

பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பில் 'எல்லா டேமேஜுக்கும் ரெசிஸ்டன்ஸ் 5' என்று ஓர் எண் வரும், மந்திரம் இல்லாததற்கு இரட்டிப்பு. இதில் எல்லோரும் தவறவிடுவது, அந்த 5 ஒவ்வொரு டேமேஜ் வகைக்கும் தனித்தனியாகக் கழியும் என்பதை. மந்திர வாளில் 8 வெட்டும் 3 நெருப்பும் வந்தால் மிஞ்சுவது வெட்டில் 3, நெருப்பில் பூஜ்யம். பல சின்ன டேமேஜ்களைக் கோத்து வைத்திருக்கும் கதாபாத்திரம் அங்கே படுத்துவிடும். நாலாம் லெவல் கோஸ்ட் டச் ரூன் (ஆயுதத்தில் பொறிக்கும் மந்திரக்குறி), 75 தங்கம், இதற்காகவே இருக்கிறது. ப்ரிஸிஷன் டேமேஜுக்கு (ஸ்னீக் அட்டாக் மாதிரி துல்லிய அடியால் சேரும் டேமேஜ்) இம்யூனிட்டி வழக்கமாக உண்டு என்பதால் அந்தப் பதிப்பில் ரோக்கின் பாடு திண்டாட்டம்.

5இல் விளையாடினாலும் 3.5இலிருந்து இரண்டு விதிகளைக் கடன் வாங்கலாம். ஒன்று, உடலற்றது பொருளுக்குள் நுழைந்தால் அதன் வெளிப்பரப்பை ஒட்டியே இருக்க வேண்டும். தன் இடத்தைவிடப் பெரிய பொருளை முழுவதும் துளைத்துப் போக முடியாது. இரண்டு, உள்ளே இருக்கும்போது பக்கத்துக் கட்டத்தில் ஆள் இருப்பது மட்டும் தெரியும், அதற்கு மேல் பார்க்க வெளியே தலைகாட்ட வேண்டும். 5ஆம் பதிப்பு உள்ளிருக்கும் பேய்க்கு என்ன தெரியும் என்று சொல்வதே இல்லை. ஜிஎம் (விளையாட்டை நடத்துபவர்) அதை நிரப்பாவிட்டால் பேய் எல்லாம் அறிந்ததாகி, மூன்று அறை தள்ளி நிற்கும் விஸார்டை நேராக வந்து தொடும்.

இருபதுமுகம்:

விதிகள் எல்லாம் சரி, மூன்று ஸ்பெக்டர் என்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை. எக்ஸ்பி கணக்கு பார்ட்டியின் பையில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்லை. ஸ்பெக்டரின் தொடுதலான லைஃப் டிரெய்ன் தாக்க +4, சராசரி 10 நெக்ராடிக் (உயிருறிஞ்சும்) டேமேஜ். மூன்றாம் லெவல் விஸார்டுக்கு 20 ஹிட் பாயிண்ட் இருந்தால் இரண்டு தொடுதல். கான்ஸ்டிடியூஷன் சேவ் (உடல்வலிமைப் பகடைச் சோதனை) டிசி (எட்ட வேண்டிய எண்) 10 தவறினால் அதிகபட்ச ஹிட் பாயிண்டும் அவ்வளவு குறையும், லாங் ரெஸ்ட் (நீண்ட ஓய்வு) வரை திரும்பாது. அது பூஜ்யமானால் டெத் சேவ் (பிழைக்கும் வாய்ப்புக்கான பகடை) இல்லை, நேராக மரணம். இரண்டு சேவும் தவறினால் அந்த 20 அங்கேயே தீர்ந்தது. நடுச்சண்டையில் ஹீலிங் போட்டு இதைச் சரிசெய்ய முடியாது.

முதலில் ஒரே ஒரு ஸ்பெக்டர். சுவரில் மறைவது, வாள் பாதி மட்டும் வேலை செய்வது இரண்டையும் பார்ட்டி விலை குறைவாகக் கற்றுக்கொள்ளட்டும். மீதி இரண்டும் பிறகு, தயாரிப்புக்கு இடைவெளி கொடுத்து வரட்டும். தயாரிப்பு என்றால் இந்தப் பார்ட்டியிடம் நிறையவே இருக்கிறது. கிளெரிக்கின் கைடிங் போல்ட் மந்திரம் 4டி6 ரேடியன்ட் (ஒளி) டேமேஜ், சராசரி 14. ஸ்பிரிச்சுவல் வெப்பன் ஃபோர்ஸ் டேமேஜ், போனஸ் ஆக்‌ஷன், கான்சன்ட்ரேஷன் (ஒரு நேரத்தில் ஒரே மந்திரத்துக்குத் தரக்கூடிய தொடர் கவனம்) வேண்டாம். விஸார்டின் மேஜிக் மிஸைல் முதல் லெவலிலேயே சராசரி 10.5, தவறவே தவறாது. மேஜிக் வெப்பன் மந்திரத்தை ஃபைட்டரின் வாளில் போட்டால் அவர் முழு டேமேஜுக்குத் திரும்பிவிடுவார், ஆனால் கான்சன்ட்ரேஷன் விஸார்டிடம் இருப்பதால் அவரைக் காப்பது ஃபைட்டர் பொறுப்பு. ஃபயர்போல்ட்டை மறந்துவிடலாம், நெருப்புக்கு ரெசிஸ்டன்ஸ் உண்டு.

ரோக்குக்கு புனித நீர். குப்பி 25 தங்கம், 20 அடி எறியலாம், 2டி6 ரேடியன்ட், பாதியாகாது. நிலவறையின் முதல் அறையில் பழைய பூசைப் பெட்டியில் நாலு குப்பி கிடைக்கட்டும்.

ஒரு எச்சரிக்கை: 2025 மான்ஸ்டர் மேனுவலில் ரெசிஸ்டன்ஸிலிருந்து 'மந்திரம் இல்லாத' என்ற நிபந்தனை போய்விட்டது. மந்திர வாளும் அங்கே பாதிதான். அந்த ஸ்டாட் பிளாக்கை எடுத்தால் மேஜிக் வெப்பனைப் பற்றி நான் சொன்னது செல்லாது.

நிலவறைக்காரன்:

நன்றி, ஒன்று பிறகு இரண்டு என்று மாற்றிவிட்டேன். இன்னும் இரண்டு சந்தேகம். நடுவில் நின்றால் தரைக்கடியிலிருந்து வராதா? கிளெரிக் டர்ன் அண்டெட் (அண்டெட், அதாவது செத்தும் நடமாடுபவற்றை, விரட்டும் சக்தி) போட்டால் பேய் சுவர் வழியாக ஓடிவிடுமே, அதை வெற்றி என்று கொள்வதா?

கட்டக்கணக்கு:

தரையிலிருந்து வரும். கீழே அறை இருந்தால் தரையும் இன்னொரு சுவர்தான், அதே கணக்கு. நடுவில் நிற்பதன் பயன் அங்கே போய்விடும். கீழே அறை இல்லாமல் வெறும் மண் என்றால் ஒவ்வொரு டர்ன் முடிவிலும் மண்ணுக்குள்தான் இருக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் 1டி10 வாங்கும். ஆகவே ஸ்பெக்டர் இருக்கும் அறைக்கு அடியில் காலி இடம் இருக்கிறதா என்பதை வரைபடத்திலேயே முடிவுசெய்துவிடுங்கள். நான் மண் என்றே வைப்பேன்.

டர்ன் அண்டெட் 30 அடிக்குள், பார்க்கவோ கேட்கவோ முடிகிற அண்டெட்டுக்கு. ஸ்பெக்டரின் விஸ்டம் சேவ் போனஸ் பூஜ்யம், டிசி 13 என்றால் 60% தோற்கும். தோற்றால் டாஷ் (இரட்டை ஓட்டம்) போட்டு ரவுண்டுக்கு 100 அடி ஓடும், ஒரு நிமிடத்தில் திரும்பி வரும். டேமேஜ் பட்டால் உடனே தெளிந்துவிடும் என்பதால் ஓடும் பேய்மேல் அம்பு விடாதீர்கள் என்று ரோக்கிடம் முன்பே சொல்லிவைக்க வேண்டும். அந்தப் பத்து ரவுண்டில் பார்ட்டி செய்யக்கூடியது நிறைய: காயம் பட்டவருக்கு மருந்துக் குப்பி, மேஜிக் வெப்பன், அறை மாற்றம். அண்டெட்டைத் தடுக்கும் வட்டமான மேஜிக் சர்க்கிளுக்கு இன்னும் இவர்களிடம் மூன்றாம் லெவல் ஸ்லாட் (மந்திரம் போடும் வாய்ப்பு) இல்லை. இருந்தாலும் அதைப் போடவே அந்த ஒரு நிமிடம் முழுவதும் போய்விடும். ப்ரொடெக்‌ஷன் ஃப்ரம் ஈவில் அண்ட் குட் முதல் லெவல்தான், ஒரே ஆக்‌ஷன், அண்டெட் அந்த ஆளை அடிப்பது டிஸ்அட்வான்டேஜில் (இரு பகடையில் சிறியதை எடுத்து). விஸார்ட் தன்மேலேயே போட்டுக்கொள்ளலாம், ஆனால் அதுவும் கான்சன்ட்ரேஷன் என்பதால் மேஜிக் வெப்பன் போய்விடும். இரண்டில் எது என்பதை விஸார்ட் விளையாடுபவர் முடிவுசெய்யட்டும்.