சிமேக் உருவாக்கும் விஷுவல் ஸ்டூடியோ திட்டக் கோப்புகளில் ஒரே கட்டளை இருமுறை ஓடுவது ஏன்?

கேள்வி

வணக்கம். எங்கள் நிரலில் ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட், பிழைக்குறியீடுகளின் பட்டியலைப் படித்து ஒரு ஹெடர் கோப்பை எழுதித் தருகிறது. அதற்கான கஸ்டம் கமாண்டை, பில்டு கோப்புகளை உருவாக்கித் தரும் சிமேக்கில் (CMake) எழுதி, அந்த ஹெடரை ஒரு லைப்ரரியின் மூலப் பட்டியலிலும், அதைச் சாராத ஒரு கருவியின் மூலப் பட்டியலிலும் சேர்த்திருக்கிறேன். நிஞ்ஜா என்ற பில்டு கருவியில் ஒருமுறைகூடப் பிழை வந்ததில்லை. விஷுவல் ஸ்டூடியோவுக்கான திட்டக் கோப்புகளை உருவாக்கி பில்டு செய்தால் மட்டும், பத்தில் இரண்டு மூன்று முறை, கோப்பு எதிர்பாராமல் முடிந்துவிட்டதாக சி1004 பிழை வருகிறது. திறந்து பார்த்தால் ஹெடர் முழுமையாகவே இருக்கிறது; மறுபடி பில்டு செய்தால் பிழையும் மறைந்துவிடுகிறது. இது சிமேக்கின் பிழையா, என்னுடையதா?

இன்னொன்று: புதிதாகச் சேர்க்கும் மூலக் கோப்புகள் திட்டக் கோப்பில் தாமாக வருவதில்லை. பட்டியலை குளோப் (பெயர் வடிவத்தை வைத்துக் கோப்புகளைத் தேடி எடுக்கும் கட்டளை) மூலம் எடுக்கிறேன்.

பதில் 1

இரண்டு திட்டக் கோப்புகளையும் உரைத்திருத்தியில் திறந்து, உங்கள் பைத்தான் ஸ்கிரிப்டின் பெயரைத் தேடிப் பாருங்கள். 'கஸ்டம்பில்டு' என்ற உறுப்புக்குள் அதே கட்டளை இரண்டிலும் இருக்கும் என்று நினைக்கிறேன். நிஞ்ஜா மொத்த பில்டையும் ஒரே வரைபடமாகப் பார்ப்பதால், ஒரு கோப்பை உருவாக்க அங்கே ஒரே விதிதான் இருக்கும். விஷுவல் ஸ்டூடியோவிலோ ஒவ்வொரு டார்கெட்டுக்கும் (லைப்ரரி, கருவி போன்ற பில்டு இலக்குக்கும்) தனித் திட்டக் கோப்பு. ஹெடரைப் பட்டியலில் வைத்திருக்கும் ஒவ்வொன்றுக்கும் கட்டளையின் ஒரு பிரதி போய்ச் சேருகிறது. இரண்டும் இணையாக ஓடும்போது, ஒன்று எழுதி முடித்த ஹெடரை மற்றொன்று மீண்டும் திறந்து காலியாக்கி எழுதத் தொடங்குகிறது. கம்பைலர் அந்த நொடியில் படித்தால் பாதிக் கோப்புதான் கிடைக்கும். ஒரே வெளியீட்டை, இணையாக பில்டு ஆகக்கூடிய, ஒன்றையொன்று சாராத டார்கெட்டுகளில் பட்டியலிடக் கூடாது என்று சிமேக் ஆவணமே எச்சரிக்கிறது. எனவே திருத்தம் உங்கள் பக்கம்தான் செய்யப்பட வேண்டும்.

ஹெடரை உருவாக்குவதற்கென்றே ஒரு கஸ்டம் டார்கெட் அமைத்து, லைப்ரரியும் கருவியும் அதைச் சார்ந்தவை என்று 'ஆட் டிபெண்டென்சீஸ்' மூலம் அறிவியுங்கள். இரண்டு மூலப் பட்டியல்களிலிருந்தும் ஹெடரை நீக்கிவிடுங்கள். இன்க்ளூட் அடைவு சரியாக இருந்தால் கம்பைலருக்கு அது போதும்.

பதில் 2

மேலே சொன்னது சரி. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன், ஏனெனில் நான் இதில் பல நாட்களை இழந்திருக்கிறேன். திட்டக் கோப்பைக் கையால் திருத்தி, இரண்டாவது பிரதியை நீக்கிவிடலாம் என்று தோன்றும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சிமேக் அடுத்த முறை ஓடும்போது அந்தத் திருத்தம் அழிந்து, பிழை வேறொருவரின் கணினியில் தலைகாட்டும். விஷுவல் ஸ்டூடியோவின் பில்டு இயந்திரமான எம்எஸ்பில்டை ஒரே செயல்முறையில் ஓட்டினால் பிழை மறைவதும் நோயைக் கண்டறிய மட்டுமே உதவும்.

குளோப் பற்றி: கோப்புப் பட்டியல் சிமேக் ஓடும் கன்ஃபிகர் கட்டத்தில் எடுக்கப்படுவதால், சிமேக் மீண்டும் ஓடும்வரை புதிய கோப்பு அதற்குத் தெரியாது. 3.12 பதிப்பிலிருந்து 'கன்ஃபிகர் டிபெண்ட்ஸ்' என்ற குறியைச் சேர்த்தால் ஒவ்வொரு பில்டிலும் பட்டியல் சரிபார்க்கப்படும். ஆயினும், கோப்புகளைப் பெயர் சொல்லிப் பட்டியலிடுவதையே நான் விரும்புவேன்; சிமேக் ஆவணமும் மூலக் கோப்புகளுக்கு குளோபைப் பரிந்துரைப்பதில்லை.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. தேடியதும் கட்டளை இரண்டு திட்டக் கோப்புகளிலும் எழுத்துக்கு எழுத்து அப்படியே இருந்தது. கஸ்டம் டார்கெட்டுக்கு மாற்றி, பில்டு அடைவைப் புதிதாக உருவாக்கி, நாற்பது முறை தொடர்ந்து முழு பில்டு செய்தேன். ஒருமுறையும் சி1004 வரவில்லை. குளோபையும் நீக்கி, கோப்புகளைப் பெயரிட்டே எழுதிவிட்டேன்.