பரிசுத்தொகைப் பங்கீடு 100 விழுக்காட்டைத் தாண்டுகிறது: எக்செல் உதவி தேவை

கேள்வி:
வணக்கம். சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களின் 8 குழுக்கள் மோதும் காற்பந்துப் போட்டிக்கு 1,800 ரிங்கிட் பரிசுத்தொகை சேர்ந்துள்ளது. முதலிடத்துக்கு 30 விழுக்காடு என வைத்து, அடுத்தடுத்த இடங்களுக்கு முந்தைய தொகையில் 80 விழுக்காடு கிடைக்குமாறு சூத்திரத்தைக் கீழே இழுத்தால், கூட்டுத்தொகை 2,247 ரிங்கிட் ஆகிறது. மொத்தம் 1,800-இல் நிற்க என்ன வழி?

மறுமொழி:
ஐயா, முதல் பங்கு, குறையும் விகிதம் இரண்டையும் நாமே முடிவு செய்துவிட்டால், மொத்தம் 100 ஆக அமைவது தற்செயல்தான். விகிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு, பி பத்தியில் விழுக்காட்டுக்குப் பதிலாக எடைகளை எழுதுங்கள்: பி2-இல் 1, பி3-இல் =பி2*0.8, அதைப் பி9 வரை இழுக்கவும். எடைகளின் கூட்டுத்தொகை ஏறக்குறைய 4.16 வரும். பிறகு சி2-இல், பி2-ஐ அந்தக் கூட்டுத்தொகையால் வகுத்து 1,800-ஆல் பெருக்குங்கள். கூட்டும் வரம்பில் டாலர் குறிகள் ($பி$2:$பி$9 என) கட்டாயம் வேண்டும். இல்லையேல் சூத்திரத்தை இழுக்கும்போது வரம்பும் கூடவே நகர்ந்து, கடைசிக் குழுவுக்கு முழு 1,800 ரிங்கிட்டையும் தூக்கிக் கொடுத்துவிடும். சரியாக அமைந்தால் முதலிடத்துக்கு 432.57, எட்டாமிடத்துக்கு 90.72 ரிங்கிட் கிடைக்கும்.

எடைகளை 8, 7, 6 என 1 வரை இறக்கினால் 400-இலிருந்து ஐம்பது ஐம்பதாகக் குறையும். கணக்கு எளிதுதான்; ஆனால் கடைசிக் குழுவின் 50 ரிங்கிட் வேன் வாடகைக்கே காணாது.

கேட்டவர்:
மிக்க நன்றி ஐயா, 1,800 சரியாக வந்தது. ஆனால் பரிசை உறையில் ரொக்கமாகக் கொடுப்பதால், டி பத்தியில் எம்ரவுண்ட் (அருகிலுள்ள மடங்குக்கு முழுமையாக்கும் எக்செல் சூத்திரம்) கொண்டு ஒவ்வொரு தொகையையும் 5 ரிங்கிட்டுக்கு முழுமையாக்கியதும் மொத்தம் 1,795 ஆகிவிட்டது.

இன்னொரு மறுமொழி:
தனித்தனியே முழுமையாக்கும்போது இப்படி மிச்சம் விழுவது இயல்பு. டி3 முதல் டி9 வரை மட்டும் முழுமையாக்கி, டி2-இல் 1,800-லிருந்து அவற்றின் கூட்டுத்தொகையைக் கழித்துவிடுங்கள். முதலிடம் 440 ஆகும், சாம்பியனும் கோபித்துக்கொள்ளமாட்டார்.

கணக்கைவிட முக்கியமான ஒன்று: மூன்றாம் இடத்துக்கு ஆட்டம் வைத்தாலும், காலிறுதியில் தோற்ற நான்கு குழுக்களுக்குள் ஐந்தாவது யார், எட்டாவது யார் என்று எப்படிச் சொல்வீர்கள்? அவற்றுக்குரிய 175, 140, 115, 90 ரிங்கிட்டைக் கூட்டினால் 520 வரும். தலா 130 கொடுத்தால் வாக்குவாதம் எழாது. இந்தச் சராசரியை டி பத்தியிலேயே எழுதினால் சூத்திரம் தன்னையே சுட்டிச் சிக்கிக்கொள்ளும், ஆகவே ஈ பத்தியில் எழுதுங்கள்.