ரெக்கார்டிங்கில் விழாத அந்த இரண்டு நொடி

எங்கள் கால் சென்டரில் 40 சீட். தானாக நம்பர் போட்டு, எடுத்தவரை ஏஜென்டிடம் சேர்க்கும் டயலர் விசிடயல், அடியில் போன் லைன்களைக் கையாளும் மென்பொருள் ஆஸ்டெரிஸ்க். புது கேம்பைன் தொடங்கிய இரண்டாம் நாளே ஏஜென்ட்கள் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்: "சார், லைன் வரும்போதே கஸ்டமர் கோபமா இருக்காங்க. பாதிப் பேர் வெச்சிடுறாங்க."

ரெக்கார்டிங்கை எடுத்துக் கேட்டேன், சுத்தமாக இருந்தது. ஏஜென்ட் உடனே வணக்கம் சொல்கிறார், எதிர்முனையில் எரிச்சல். ஒரு வாரம் ஏஜென்ட்களையே சந்தேகப்பட்டோம். பெரிய தப்பு அது. நாங்கள் வைத்திருந்த ரெக்கார்டிங், ஏஜென்டோடு லைன் சேர்ந்த பிறகுதான் தொடங்கும். அதற்கு முன் கஸ்டமர் காத்திருந்த நேரம் அதில் விழவே விழாது.

டயல் லெவலை, அதாவது ஒரு ஏஜென்டுக்கு ஒரே நேரத்தில் எத்தனை நம்பர் அடிப்பது என்பதை, 3-லிருந்து 1.5-க்கு இறக்கினேன். ஏஜென்ட்கள் காலியாக உட்கார்ந்திருந்தும் தாமதம் அப்படியே இருந்தது. கடைசியில் என் செல் நம்பரையே லிஸ்டில் ஏற்றி, மாடிப்படியில் போய் நின்று போனை எடுத்தேன். "ஹலோ." சத்தமே இல்லை. "ஹலோ... யாருங்க?" அதற்கப்புறம்தான் ஏஜென்ட் குரல். அடுத்த தடவை வாயே திறக்காமல் இருந்தேன். இரண்டரை நொடியில் லைன் கட்.

அந்த இரண்டரைதான் பிடி கொடுத்தது. போனை எடுத்தது ஆளா, ஆன்சரிங் மெஷினா என்று கேட்டுப் பார்க்கும் ஏ.எம்.டி. வேலை செய்துகொண்டிருந்தது. ஆஸ்டெரிஸ்கோடு வரும் அமைப்பில், எடுத்ததும் 2500 மில்லிசெகண்ட் மௌனம் என்றால் மெஷின். ஹலோவுக்குப் பிறகு 800 மில்லிசெகண்ட் மௌனம் கிடைத்தால்தான் ஆள். "ஹலோ, யாரு, சொல்லுங்க" என்று மூச்சுவிடாமல் பேசுகிறவரும், பஸ் இரைச்சலில் நிற்கிறவரும் மெஷின் கணக்கில் போய்விடுவார்கள். அமெரிக்க கேம்பைனைக் காப்பி எடுத்தபோது ரூட்டிங் எக்ஸ்டென்ஷன் 8369 கூடவே வந்திருக்கிறது. அழைப்பு எந்த வழியில் போக வேண்டும் என்று சொல்லும் எண் அது: 8369 என்றால் ஏ.எம்.டி. வழி, 8368 என்றால் ஏ.எம்.டி. இல்லாமல். அங்கே வாய்ஸ்மெயில் சகஜம். நம் ஊரில் எத்தனை பேர் வைத்திருக்கிறார்கள்? அங்கேயே கூட, எடுத்தவர் ஹலோ சொல்லி முடித்து 2 நொடிக்குள் டெலிமார்க்கெட்டிங் ஏஜென்ட் லைனுக்கு வராவிட்டால் அதைக் கைவிட்ட அழைப்பாகத்தான் எண்ணுவார்கள்.

8368 என்று மாற்றிவிட்டு மறுபடி மாடிப்படிக்குப் போனேன். ஹலோ சொல்லி வாய் மூடவில்லை, "வணக்கம் சார்" வந்துவிட்டது.

*

அண்ணே, உங்கள் பதிவைப் படித்தேன். எங்கள் சென்டரில் ஏ.எம்.டி. முதலிலிருந்தே கிடையாது. ஆனாலும் தினமும் சாயங்காலம் 5 மணிக்கு மட்டும் லைன் இழுக்கும். லைன் கொடுக்கும் கேரியர் கம்பெனிதான் காரணம் என்று மூன்று வாரம் சண்டை போட்டோம், பாவம். ஒருநாள் சரியாக 5 மணிக்கு டயலரின் டேட்டாபேஸான மைஎஸ்க்யூஎல்-லில், என்னென்ன வேலை ஓடுகிறது என்று காட்டும் ஷோ பிராசஸ்லிஸ்ட் அடித்தால், திரை நிறைய டேபிள் லாக்குக்குக் (டேபிள் பூட்டுக்குக்) காத்திருக்கும் வரிகள். மேனேஜர் அந்த நேரத்துக்குத்தான் மாத ரிப்போர்ட் எடுப்பார். எங்கள் டேபிள்கள் மைஐசாம் வகை. அதில் ஒருவர் நீளமாகப் படித்துக்கொண்டிருந்தால் எழுத வருகிறவரெல்லாம் வாசலில் நிற்க வேண்டியதுதான். டயலரும் ஒவ்வொரு அழைப்பையும் அங்கேதானே எழுதுகிறது! ரிப்போர்ட்டுக்குத் தனியாக ஒரு ஸ்லேவ் சர்வர் (அதே டேட்டாபேஸின் நகல்) போட்டோம், பழைய லாக்கை ஆர்க்கைவ் டேபிளுக்குத் தள்ளினோம். அதோடு நின்றது.

*

நான் சர்வர் பக்கம் இல்லை அண்ணா, ஹெட்செட் பக்கம். காதில் பீப் விழும், அடுத்த நொடியே "எத்தனை தடவை ஹலோ சொல்றது?" என்று திட்டும் விழும். நான் இன்னும் வாயே திறந்திருக்க மாட்டேன். ஒரு நோட்டில் கோடு போட்டு வைத்தேன்: நான் பேசும் முன்பே திட்டினால் ஒரு கோடு, ஐந்தாவதைக் குறுக்கே. மத்தியானச் சாப்பாட்டுக்குள் ஒரு பக்கம் நிறைந்துவிடும். டீம் லீடர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, உன் குரலில் உற்சாகம் போதாது என்றார். ஐ.டி. அண்ணன் ஒருவர்தான் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, உங்களை மாதிரியே தன் நம்பருக்கு டயல் விட்டுப் பார்த்தார். எங்களுக்கும் அதே 8369தான். அந்த மாதம் பிடித்த இன்சென்டிவ் இன்னும் வரவில்லை. அந்த நோட்டையும் வைத்து எழுதிக் கொடுத்திருக்கிறேன்.