வெள்ளக்கால வாட்ஸ்அப் வதந்திகள்: முனைவர் பட்ட ஆய்வுக்கு உதவித்தொகை கிடைக்குமா?

கெடிலக்கரை மாணவி (கடலூர்):
அனைவருக்கும் வணக்கம். இதழியலில் முதுகலை முடித்திருக்கிறேன். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த பின், சாத்தனூர் அணையில் திறந்துவிட்ட நீர் தென்பெண்ணை வழியாக வந்து கடலூரின் கரையோரக் குடியிருப்புகளைச் சூழ்ந்தது. அன்று எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் ஒரு மணி நேரத்துக்குள் மூன்று வெவ்வேறு கன அடிக் கணக்குகள் வந்தன. எதை நம்பிச் சாமான்களை மாடிக்கு ஏற்றுவது என்று தெரியாமல் நின்றோம். அதையே ஆய்வுத் தலைப்பாக எடுக்க விரும்புகிறேன். நெட் எனும் தேசியத் தகுதித் தேர்வில் முனைவர் பட்டச் சேர்க்கைக்கான தகுதி மட்டுமே கிடைத்தது, ஜே.ஆர்.எஃப். எனும் இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைக்கவில்லை. காலாப்பட்டில் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்துக்கு முயல்வதா, வீட்டிலிருந்தே போய்வரக்கூடிய மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்வதா? அப்பாவின் கையை இனியும் எதிர்பார்க்க முடியாத நிலை.

காலாப்பட்டு ஆய்வாளர்:
தங்கைக்கு வணக்கம். பணத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் காலாப்பட்டுதான். அது மத்தியப் பல்கலைக்கழகம் என்பதால், ஜே.ஆர்.எஃப். இல்லாத முழுநேர ஆய்வாளருக்கும் பல்கலைக்கழக மானியக் குழுவின் 'நான்-நெட்' உதவித்தொகையாக மாதம் 8,000 ரூபாய் உண்டு. மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கு அந்தத் திட்டம் பொருந்தாது. இந்தத் தொகை பல ஆண்டுகளாக உயரவே இல்லை என்பது வேறு வயிற்றெரிச்சல். ஜே.ஆர்.எஃப். மட்டும் 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ஆகிவிட்டது, இரண்டு ஆண்டுக்குப் பின் 42,000. பெண்களுக்கு வயது வரம்பில் 5 ஆண்டு தளர்வு இருப்பதால், ஆய்வுக்குப் பதிவு செய்துவிட்டு ஜூனிலும் டிசம்பரிலும் நெட் தேர்வை விடாமல் எழுதுங்கள். பதிவு உறுதியான பின் ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். எனும் இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் குழுவின் முனைவர் பட்ட உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கலாம், அதற்கு ஜே.ஆர்.எஃப். தேவையில்லை. ஒரே நேரத்தில் இரண்டு உதவித்தொகை வாங்க முடியாது என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

தரவுக்காரன் (புதுச்சேரி):
மாதச் செலவு ஒரு பக்கம் இருக்கட்டும். சமூக ஊடக ஆய்வில் இப்போது தரவுக்கே பணம் வேண்டும். ட்விட்டர் என்ற பெயர் இருந்த காலத்தில் ஆய்வாளர்கள் மாதம் 1 கோடி பதிவுகள் வரை இலவசமாக எடுத்தார்கள். 2023இல் அந்த வழி அடைபட்டது. ஃபேஸ்புக் பொதுப் பக்கங்களை அலசப் பயன்பட்ட கிரவுட்டேங்கிள் என்ற கருவியும் 2024 ஆகஸ்ட் 14உடன் மூடப்பட்டது. ஏழை ஆய்வாளருக்கு மிஞ்சியிருப்பது யூடியூப். நிரல் வழியே தரவு எடுப்பதை அது 'அலகு' என்று கணக்கிடுகிறது; நாளொன்றுக்கு 10,000 அலகுகள் கட்டணமின்றிக் கிடைக்கும். ஒரு தேடலுக்கு 100 அலகு கரைந்துவிடும், ஆனால் ஓர் அலகுக்கு 100 கருத்துரைகள் வரை வந்துவிடும். எனவே, அந்த வார வெள்ளச் செய்திக் காணொளிகளின் முகவரிகளைக் கையாலேயே தேடி எடுத்துக்கொண்டு, கருத்துரைகளுக்கு மட்டும் அலகைச் செலவிடுங்கள்.

வாட்ஸ்அப்பை எந்த விலைக்கும் வாங்க முடியாது. குழுவில் இருப்பவர்களின் சம்மதத்தோடு அவர்கள் திண்ணையில் உட்கார்ந்துதான் கேட்க வேண்டும். உங்களுக்கு அது பலமே, ஏனெனில் அந்தத் தெருவில் நீங்கள் வேற்றாள் இல்லை. வீராம்பட்டினத்தில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் தகவல் மையம் கடல் அலையின் உயரத்தை ஒலிபெருக்கியில் மீனவர்களுக்குச் சொல்லிவந்த கதையையும் விசாரியுங்கள். ஓர் எச்சரிக்கையை மக்கள் யார் வாயால் கேட்டால் நம்புகிறார்கள் என்ற உங்கள் கேள்வி அங்கேயே தொடங்கிவிடுகிறது.

ஓய்வு பெற்ற நெறியாளர்:
அம்மா, கன்டின்ஜென்சி பணத்தைப் பற்றி, அதாவது மாதத் தொகைக்கு மேல் ஆய்வின் சில்லறைச் செலவுக்குத் தரும் பணத்தைப் பற்றி, ஒரு வார்த்தை. நான்-நெட்டில் மொழி, சமூக அறிவியல் துறைகளுக்கு அது ஆண்டுக்கு 8,000 ரூபாய்தான். என் மாணவர் ஒருவர் கிராமம் கிராமமாக அலைந்து, ஆட்டோக்காரர் துண்டுத்தாளில் எழுதித் தந்த ரசீதுகளைச் சேர்த்து அலுவலகத்தில் கொடுத்தார். அச்சிட்ட பில் இல்லையென்று கட்டோடு திரும்பி வந்தது. ஆகவே ஜெராக்ஸ், நூல், பென்டிரைவ் போன்ற பில் கிடைக்கும் செலவுகளைக் கன்டின்ஜென்சியில் காட்டிவிட்டு, ஆட்டோவையும் தேநீரையும் மாதத் தொகையில் பார்த்துக்கொள்ளுங்கள். உதவித்தொகை பல இடங்களில் சில மாதங்கள் தாமதித்து மொத்தமாகத்தான் வரும். விடுதிக் கட்டணத்துக்கு முதல் அரையாண்டுக்கான கைப்பணம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு சேருங்கள்.

கெடிலக்கரை மாணவி:
மிக்க நன்றி ஐயா. காலாப்பட்டுக்கே விண்ணப்பிக்கிறேன். எங்கள் தெருக் குழுவின் நிர்வாகி சம்மதித்துவிட்டார். மற்றவர்களிடம் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.