கினபாலு போய் வந்தவர்களே, வழியில் யாரைச் சந்தித்தீர்கள்?

பேராக்கின் சுங்கை சிப்புட்டிலிருந்து சபாவிலுள்ள கினபாலு மலைக்குப் போய் வருகிறவர்கள் இப்போது கூடிக்கொண்டே போகிறார்கள். எல்லோரிடமும் உச்சிப் பலகையோடு எடுத்த படம் இருக்கிறது. 4095 மீட்டர் ஏறியவர்கள் அந்தப் படத்தைக் காட்டத்தான் வேண்டும். ஆனால் மலைப் பக்கத்துக் குண்டாசாங் ஊருக்குப் போகும் சாலையிலும், ஏற்றம் தொடங்கும் திம்போஹோன் வாசலுக்கு மேலே காட்டுப் பாதையிலும் பார்த்த மனிதர்களைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. அதைக் கேட்கத்தான் எனக்கு ஆசை. சரி, நானே ஆரம்பிக்கிறேன்.

திம்போஹோன் வாசல் இருப்பது 1866 மீட்டரில். அன்றிரவு தங்கும் பானலாபான் 3272 மீட்டரில். நடுவில் 6 கிலோமீட்டர்தான், ஆனால் பாதை முழுக்கப் படிகள். சில படிகள் முழங்கால் உயரம் இருக்கும். லாயாங்-லாயாங் குடிலில் நாங்கள் உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது சுமை தூக்கும் டூசுன் அக்கா ஒருவர் (டூசுன் என்பவர்கள் சபாவின் பூர்வகுடி மக்கள்) ஏறி வந்தார். முதுகில் கேஸ் தோம்பு. அதைக் கட்டிய பட்டை நெற்றியில் அழுந்தி, அங்கே தோல் வெளுத்துப் போயிருந்தது. காலில் கறுப்பு ரப்பர் சப்பாத்து. அடியில் குமிழ் குமிழாக இருக்குமே, நம்மூர்க் கடை வாசலில் கொத்தாகத் தொங்குமே, மலாய்க்காரர்கள் 'அடிடாஸ் கம்போங்' என்பார்களே, அதேதான்! என் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போனபோதும் அதைத்தான் போட்டிருந்தார்.

மலாயில் பேச்சுக் கொடுத்தேன். எங்கிருந்து வருகிறீர்கள் என்றார். பேராக், ரப்பர் தோட்டம் என்று சொல்லி அவர் சப்பாத்தைக் காட்டினேன். காலைத் தூக்கி அடியைத் திருப்பிக் காட்டிச் சிரித்தார். ஒரு பக்கம் குமிழெல்லாம் தேய்ந்து மழமழவென்று இருந்தது. கிலோவுக்கு இவ்வளவு என்று அவருக்குக் கூலி. அம்மாவுக்கும் பாலை நிறுத்துத்தான் கூலி என்றேன். அதற்கப்புறம் என் கேள்விகளை ஒதுக்கிவிட்டு அம்மாவைப் பற்றியே விசாரித்தார். கை எப்படி இருக்கிறது, முதுகு வலிக்கிறதா, இன்னும் வேலைக்குப் போகிறாரா என்று. மேலே நாம் சாப்பிடும் முட்டையும் சோறும் இப்படிப்பட்டவர்களின் முதுகில்தான் ஏறி வருகிறது. அவர்களிடம் கூலியில் பேரம் பேசாதீர்கள். அங்கே அப்படிப் பேசியவர்களைப் பார்த்தபோது எனக்கு மனசு கொதித்தது.

ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர்:

நான் மலை ஏறவில்லை, சாலையோடு சரி. தம்பாருலி தாண்டியதும் வேன் வளைந்து வளைந்து ஏறும். நபாலுவில் எல்லோரும் இறங்கி அன்னாசி வாங்கினார்கள். மலை முழுசாகத் தெரிந்தது. அதைவிட எனக்கு மனசில் நிற்பது குண்டாசாங் போர் நினைவிடம்.

சண்டாக்கானில் ஜப்பான்காரன் பிடித்து வைத்திருந்த ஆஸ்திரேலிய, பிரிட்டிஷ் கைதிகளை 1945இல் காட்டு வழியாக ரானாவுக்கு நடத்திக் கொண்டுவந்தார்கள். 2400க்கும் மேற்பட்ட கைதிகளில் கடைசியில் உயிர் தப்பியவர்கள் 6 பேர், அத்தனை பேரும் தப்பி ஓடியவர்கள். நினைவிடம் 1962இல் எழுந்தது. பூந்தோட்டங்களைத் தாண்டிப் போனால் இறந்தவர்களின் பெயர்களை வரிசையாகப் பார்க்கலாம்.

அங்கே ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஓர் அம்மா, என் வயதிருக்கும், ஒரு பெயர்மேல் விரலை வைத்தபடி நின்றார். அவருடைய சித்தப்பாவாம். உங்கள் குடும்பத்தில் யாராவது இந்தப் பட்டியலில் உண்டா என்று கேட்டார். என் பெரியப்பாவை அதே ஜப்பான்காரன் தோட்டத்திலிருந்து லோரியில் ஏற்றி சயாமுக்கு, இப்போதைய தாய்லாந்துக்கு, ரயில் பாதை போடக் கொண்டுபோனதைச் சொன்னேன். 415 கிலோமீட்டர் பாதை, நம் தோட்டங்களிலிருந்து போன பல்லாயிரம் பேர் அங்கேயே மாண்டார்கள். பெரியப்பா திரும்பவே இல்லை. அவர் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. அந்த அம்மா பெரியப்பாவின் பெயரைக் கேட்டு, வாய் திருந்தும் வரைக்கும் சொல்லிப் பார்த்தார். வெள்ளைக்காரியின் வாயில் அந்தப் பெயரைக் கேட்டபோது நான் அழுதுவிட்டேன்.

பிள்ளைகளை அங்கே கூட்டிப் போங்கள். சயாம் ரயிலைப் பற்றியும் அங்கேயே நின்று சொல்லுங்கள்.

தாதியாக வேலை செய்யும் தங்கை:

சார், படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதையும் எழுத முடியவில்லை.

நான் சந்தித்தது எங்கள் மாலிம் குனோங்கை, அதாவது மலை வழிகாட்டியை. வழிகாட்டி இல்லாமல் அங்கே யாரையும் மேலே விடமாட்டார்கள். விடியற்காலை 2 மணி வாக்கில் தலையில் விளக்கு மாட்டிக்கொண்டு பானலாபானிலிருந்து கிளம்பினோம். மரமெல்லாம் முடிந்து வெறும் கருங்கல், பிடித்து ஏற வெள்ளைக் கயிறு. சாயாட்-சாயாட் சோதனைச் சாவடிக்குக் கீழேயே என் தோழிக்குத் தலைவலி, வாந்தி. அவளோ ஏறியே தீருவேன் என்று அடம். வழிகாட்டி ஐயா விளக்கை அவள் முகத்துக்குக் கொண்டுபோகாமல் தரையில் பிடித்தபடி, அவள் பெயரைக் கேட்டார், ஊரைக் கேட்டார், காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார். பதில் குழறியது. "போதும், மகளே, இறங்கலாம். மலை எங்கேயும் ஓடிப்போகாது" என்றார். உயரத்தில் வரும் நோய்க்கு முதல் மருந்து கீழே இறங்குவதுதான். வார்டில் நாங்கள் செய்கிற சோதனையை அவர் பேச்சோடு பேச்சாகவே செய்துவிட்டார்.

இறங்கும்போது விடிந்துவிட்டது. கழுதைக் காது என்று பெயர் பெற்ற இரட்டைச் சிகரத்தைக் காட்டினார். 2015 ஜூன் 5 நிலநடுக்கத்தில் அதில் ஒன்று உடைந்து விழுந்தது. அன்று மலையில் 18 பேர் இறந்தார்கள். சிங்கப்பூரிலிருந்து வந்த பள்ளிப் பிள்ளைகளும் வழிகாட்டிகளும் அதில் உண்டு. சிக்கிக்கொண்டவர்களை வழிகாட்டிகள்தான் கையைப் பிடித்து இறக்கிக் கொண்டுவந்தார்கள். இறந்தவர்களின் ஆவி இந்த மலையில்தான் தங்குகிறது என்பது டூசுன் மக்களின் நம்பிக்கை. அந்த இடத்தில் ஐயா தொப்பியைக் கழற்றினார், நாங்களும் கழற்றினோம்.

லாரி ஓட்டுநர் மகன்:

அம்மாவுக்கு 65 வயது, மூட்டு வலி. கூட்டிப் போனால் பார்க்க ஏதாவது இருக்குமா, இல்லை அறையிலேயே கிடக்க வேண்டியதா?

முதலில் எழுதியவன்:

தாராளமாகக் கூட்டிப் போங்கள், தம்பி. பூங்கா தலைமையகத்திலிருந்து திம்போஹோன் வாசல் வரை வேன் போகிறது, அம்மா அதுவரை வந்து பார்க்கலாம். தலைமையகத்துப் பக்கத்திலேயே தாவரத் தோட்டம் இருக்கிறது. பூச்சி தின்னும் கெண்டிச் செடியை அங்கே கிட்டத்தில் நின்று பார்க்கலாம், அதிகம் ஏற வேண்டியதில்லை. ரானாவுக்கு அந்தப் பக்கம் போரிங் வெந்நீர் ஊற்று. மூட்டு வலிக்காரர்களுக்குக் காலை நனைத்துக்கொண்டு உட்கார அருமையான இடம், என் மாமியார் எழுந்து வரவே மனமில்லாமல் இருந்தார்.

சபா விமான நிலையத்தில் நம்மையும் குடிநுழைவு வழியாகத்தான் விடுவார்கள். அம்மாவின் ஐசியை, அதாவது அடையாள அட்டையை, பெட்டிக்குள் போட்டுவிடாதீர்கள், கையில் இருக்கட்டும். ஸ்வெட்டரும் காதை மூடும் துணியும் கட்டாயம். நீங்கள் மலை ஏறுவதாக இருந்தால் பானலாபான் படுக்கையை மாதக்கணக்கில் முன்னாலேயே பதிந்துவிடுங்கள். கோத்தா கினபாலுவிலிருந்து வேன் காலையிலேயே கிளம்பட்டும். நேரம் ஆக ஆக மேகம் மூடிவிடும், நபாலுவில் அம்மாவுக்கு அன்னாசி மட்டும்தான் கிடைக்கும், மலை கிடைக்காது.