சுமை ஏற்றியதும் மூக்கைத் தூக்கிக் கவிழ்கிறது: மோட்டாரை மாற்றலாமா?

மூன்றாமாண்டு_ஏரோ:
வணக்கம். எஸ்ஏஇ இந்தியா தென்மண்டலத்தின் ஏரோ டிசைன் போட்டிக்காக ஆறு பேர் சேர்ந்து சரக்கு விமானம் செய்திருக்கிறோம். செவ்வக இறக்கை, நீளம் 160 செ.மீ., கார்டு (இறக்கையின் முன்-பின் அகலம்) 30 செ.மீ., எஸ்1223 ஏரோஃபாயில் (இறக்கையின் குறுக்குவெட்டு வடிவம்). வால் இறக்கையிலிருந்து 60 செ.மீ. பின்னால், பரப்பு 600 சதுர செ.மீ. காலி எடை 1.9 கிலோ.

காலியாக நன்றாகப் பறக்கிறது. எலிவேட்டர் ட்ரிம் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடல், ஸ்டிக்கைத் தொடாதபோது நிற்கும் நிலை) மட்டும் நிறைய மேலே வைக்க வேண்டியிருந்தது. நேற்று காலை 2 கிலோ இரும்புத் தகடு வைத்து ஓட்டினோம். தரையை விட்டதும் மூக்கு தானாக எழுந்தது. ஸ்டிக்கை முழுக்க முன்னால் தள்ளியும் இறங்கவில்லை. இடது இறக்கை சாய்ந்து தரையில் குத்தியது. ப்ராப் (சுழல் விசிறி) உடைந்தது, ஃபயர்வால் (மோட்டார் மாட்டும் முன்பலகை) பிய்ந்தது, இறக்கைக்குள் நாலு ரிப் (குறுக்குச் சட்டம்) போய்விட்டது.

காலி சிஜி (சுமை இல்லாதபோது எடை மையம்) இறக்கையின் முன்விளிம்பிலிருந்து 8.5 செ.மீ. சுமைப்பெட்டியின் நடு 12 செ.மீ. முதலில் பெட்டி 8 செ.மீ.யில்தான் இருந்தது. அப்போது சுமையோடு மூக்கு எழவே இல்லை என்பதால் பின்னால் நகர்த்தினோம். போட்டிக்கு 19 நாள் இருக்கிறது. பெரிய மோட்டார் போட்டால் சரியாகுமா?

ராஜாளி_ஆர்சி:
இடது பக்கம் விழுந்ததற்கு மோட்டார் டார்க் (ப்ராப் சுழலும்போது விமானத்தை எதிர்ப்பக்கம் சாய்க்கும் முறுக்கு) காரணமாக இருக்கலாம். மோட்டாரை 2 டிகிரி வலது பக்கம் திருப்பி மாட்டிப் பாருங்கள்.

பால்சா_தூசி:
தம்பி, மோட்டாரைத் தொடாதீர்கள். வலது பக்கத் திருப்பம் நல்ல யோசனைதான், செய்துகொள்ளுங்கள். ஆனால் மூக்கு எழுந்தது அதனால் இல்லை.

உங்கள் எண்களையே போட்டுப் பார்த்தேன். 1.9 கிலோ 8.5 செ.மீ.யில், 2 கிலோ 12 செ.மீ.யில் என்றால் மொத்த சிஜி 10.3 செ.மீ., அதாவது கார்டில் 34%. உங்கள் வாலின் வால்யூம் கோயெஃபிஷியன்ட் (இறக்கையோடு ஒப்பிட்டால் வாலுக்கு எவ்வளவு பிடி என்று காட்டும் எண்) 0.25 தான் வருகிறது. அவ்வளவு சின்ன வாலுக்கு நியூட்ரல் பாயின்ட் (சிஜி இதற்குப் பின்னால் போனால் விமானம் நிலை தவறும்) என் தோராயக் கணக்கில் 37% பக்கம். மிச்சம் 3%, உங்கள் கார்டில் ஒரு செ.மீ. கூட இல்லை. தகடு ஓடும்போது கொஞ்சம் பின்னால் நகர்ந்திருந்தால் அதுவும் போச்சு.

உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது. ட்ரிம் நிறைய மேலே வைத்தோம் என்கிறீர்களே, அதுதான். எஸ்1223 நிறைய லிஃப்ட் (மேலே தூக்கும் விசை) தரும், ஆனால் மூக்கைக் கீழே அழுத்திக்கொண்டே இருக்கும். அதைத் தாங்கப் பெரிய வால் வேண்டும். வால் சின்னது என்பதால்தான் முதலில் மூக்கு எழவில்லை. நீங்கள் வாலைப் பெரிதாக்காமல் சுமையைப் பின்னால் தள்ளிவிட்டீர்கள். எங்கள் அணியும் மூன்றாம் வருடத்தில் அச்சு அசலாக இதையே செய்தது. அந்த விமானத்தின் ஒரு ரிப் இன்னும் என் மேஜையில் இருக்கிறது. உங்கள் பதிவைப் படித்ததும் மனசு கேட்கவில்லை, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

வால் பரப்பை 900 சதுர செ.மீ. ஆக்குங்கள், தூரத்தை 80 செ.மீ. ஆக்குங்கள். கோயெஃபிஷியன்ட் 0.5 ஆகிவிடும். சுமைப்பெட்டியின் நடுவைக் காலி சிஜிக்கு நேராக, 8.5 செ.மீ.யிலேயே வையுங்கள். அப்புறம் அரை கிலோ ஏற்றினாலும் 2 கிலோ ஏற்றினாலும் சிஜி நகராது. மெயின் சக்கரம் சிஜிக்கு ரொம்பப் பின்னால் இருந்தாலும் மூக்கு எழாது. சக்கரம் தரையைத் தொடும் இடத்திலிருந்து சிஜிக்குக் கோடு போட்டால் செங்குத்திலிருந்து 15 டிகிரிக்குள் இருக்கட்டும்.

ஒரு சங்கடம் உண்டு. வால் பக்கம் 70 கிராம் கூடினால், சிஜி பின்னால் போகாமலிருக்க 350 கிராம் பேட்டரியை 16 செ.மீ. முன்னால் கொண்டுபோக வேண்டியிருக்கும். ஃபயர்வால் எப்படியும் புதிதாகச் செய்யப்போகிறீர்கள், மூக்கை இப்போதே நீட்டிவிடுங்கள்.

இன்னொன்று, வேகம். 35 டிகிரி வெயிலில் காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 1.15 கிலோதான். சிஎல் (லிஃப்ட் கெழு) 1.7 வைத்தால் காலி விமானம் நொடிக்கு 6.3 மீட்டரில் ஸ்டால் ஆகும் (அதற்குக் கீழே இறக்கை தாங்காது), 3.9 கிலோவில் 9 மீட்டரில். சுமையோடு 11 மீட்டர் வேகம் வரும்வரை தரையிலேயே ஓட விட வேண்டும். ஓட்டுகிற பையன் காலி விமானத்தில் பழகிய கையோடு இழுத்தானா? ட்ரிம்மை யாராவது மாற்றினீர்களா?

மூன்றாமாண்டு_ஏரோ:
அண்ணா, ரிமோட்டை இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். ட்ரிம் பழைய இடத்திலேயே மேலே இருக்கிறது. பெட்டியை நகர்த்தினோம், அதை மறந்தே போனோம். ஓட்டியவன் ஸ்டிக்கை இழுக்கவே இல்லை என்று நேற்றிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தான், நாங்கள் யாரும் நம்பவில்லை. இன்றைக்கே அவனிடம் பேசுகிறேன்.

ஒரு சந்தேகம். டிசைன் ரிப்போர்ட்டையும் வரைபடத்தையும் ஏற்கெனவே அனுப்பிவிட்டோம். வாலை மாற்றினால் புள்ளி போகுமே?

பால்சா_தூசி:
இந்த வருட விதிப் புத்தகத்தில் மாற்றத்துக்கு என்ன கழிப்பார்கள் என்று முதலில் படியுங்கள். கழித்தாலும் மாற்றச் சொல்லித்தான் சொல்வேன். பறக்காத விமானத்துக்குச் சுமைப் புள்ளி கிடையாது. காலி சிஜி குறியை விமானத்தின் இரண்டு பக்கமும் புதிதாக ஒட்ட மறக்காதீர்கள்.

ஓட்டிய பையனிடம் கட்டாயம் பேசுங்கள். அடுத்த முறையும் ஸ்டிக் அவன் கையில்தான் இருக்கப்போகிறது. முதலில் காலியாக ஓட்டி ட்ரிம்மைச் சரிபாருங்கள், அப்புறம் அரை அரை கிலோவாக ஏற்றுங்கள். தகடுகளுக்கு நடுவில் ஒரு நீள போல்ட் போட்டு இறுக்குங்கள். டேப் போதாது.

மூன்றாமாண்டு_ஏரோ:
டேப்தான் போட்டிருந்தோம் அண்ணா. நாளைக்கு 3 மி.மீ. பால்சா வாங்கப் போகிறோம். வால் ரிப் வரைந்ததும் படம் போடுகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.